தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் தொகுப்பு நிலைக்கவில்லையா? அறிகுறி வழியே பிழை நீக்கும் வழிமுறை

தமிழ் விக்கிப்பீடியா 2003-ஆம் ஆண்டு தொடங்கியது. அதில் எழுத எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதால், விதிகளைப் படித்து முடித்துவிட்டு எழுத வருவோர் அரிது. எழுதியபின் ஏதோ ஒன்று தவறிப்போனால்தான் பெரும்பாலோர் விதிப் பக்கங்களைத் தேடுகிறார்கள். அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பக்கங்கள் நடுநிலை நோக்கு, மெய்யறிதன்மை, குறிப்பிடத்தக்கமை என்று கொள்கைகளின் பெயரில் அமைந்திருக்கின்றன; தன் கட்டுரைக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் அறிந்தவருக்கு அவற்றில் எதைத் திறப்பது என்று தெரிவதில்லை. ஆகவே இந்த வழிமுறை, திரையில் நீங்கள் காணும் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்துக்கும் தீர்வுக்கும் செல்கிறது. உங்களுக்கு வேண்டிய தலைப்பை மட்டும் படித்தால் போதும். அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுவது நல்லது.

எந்த அறிகுறியானாலும் முதலில் வரலாற்றைத் திறக்கவும்

ஒவ்வொரு பக்கத்தின் மேலும் வரலாற்றைக் காட்டும் இணைப்பு ஒன்று உண்டு. யார், எப்போது, எதை மாற்றினார் என்ற முழுப் பதிவும் அங்கே இருக்கிறது. உங்கள் தொகுப்புக்கு (நீங்கள் செய்து சேமித்த மாற்றத்துக்கு) மேலே இன்னொருவரின் தொகுப்பு இருந்தால், அதன் பக்கத்தில் அவர் எழுதியிருக்கும் தொகுப்புச் சுருக்கத்தைப் படியுங்கள். "சான்றில்லை", "விளம்பரத் தொனி", "பதிப்புரிமை" என்று ஒற்றைச் சொல்லாக இருந்தாலும் அதுவே நோயின் பெயர். அடுத்து, உரையாடலுக்கென உள்ள உங்கள் பயனர் பேச்சுப் பக்கத்தையும், கட்டுரையின் பேச்சுப் பக்கத்தையும் பாருங்கள். மீளமைத்தவர் (உங்கள் மாற்றத்தை நீக்கிப் பக்கத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தவர்) விளக்கம் எழுதியிருந்தால் இந்த இரண்டில் ஒன்றில்தான் எழுதியிருப்பார்.

வரலாற்றுப் பக்கத்தில் கூட்டல், கழித்தல் குறியோடு வரும் எண்கள் எழுத்துகளின் எண்ணிக்கையைக் குறிப்பதாக நினைத்துப் புதியவர்கள் சிலர் கலங்கிவிடுவதுண்டு. அவை பைட்டுகள். ஒருங்குறியில் தமிழின் ஒவ்வோர் உயிரெழுத்தும், அகர மெய்யும், துணைக்குறியும், புள்ளியும் தனித்தனியே 3 பைட்டுகள் கொள்ளும். 'கு' என்பது ககரமும் உகரக் குறியும் சேர்ந்தது என்பதால் அதற்கு 6. ஒரு பெயருக்குப் பின்னால் நீங்கள் மரியாதைக்காக எழுதிய 'அவர்கள்' என்ற சொல்லை ஒருவர் நீக்கினால், முன்னுள்ள இடைவெளியோடு சேர்த்துக் கணக்கில் 22 குறையும். நீக்கியது ஒரே சொல்தான். உங்கள் உழைப்பை யாரும் அழித்துவிடவில்லை. எண்ணைப் பார்த்துச் சினம் கொள்வதற்குமுன், இரண்டு பதிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: சேமிக்க முடியவில்லை, அல்லது சேமித்தும் மாற்றம் தெரியவில்லை

தொகுக்கும் பொத்தானுக்குப் பதில் பக்கத்தின் மூலத்தைப் பார்க்க மட்டும் வழி இருந்தால், அந்தப் பக்கம் காக்கப்பட்டிருக்கிறது. தேர்தல் காலத்தில் அரசியல் தலைவர்களின் பக்கங்களுக்கும், ஓயாத சச்சரவுக்கு உள்ளான பக்கங்களுக்கும் இது நேரும். வேண்டிய மாற்றத்தைச் சான்றோடு பேச்சுப் பக்கத்தில் எழுதிவைத்தால் உரிமை உள்ள ஒருவர் அதைச் சேர்த்துவிடுவார்.

சேமிக்கும்போது எழுத்துப் புதிர் ஒன்று குறுக்கே வந்தால், புதிய பயனரான நீங்கள் வெளியிணைப்பு ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள் என்று பொருள். அதை விடுவித்துவிட்டுச் சேமிக்கலாம். இணைப்பே தடுக்கப்பட்டிருப்பதாகச் செய்தி வந்தால், சுருக்கப்பட்ட இணைய முகவரியைக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். முகவரி சுருக்கும் சேவைகள் விக்கித் திட்டங்கள் அனைத்திலும் தடுக்கப்பட்டவை. முழு முகவரியை இட்டால் சிக்கல் தீரும்.

நீங்கள் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் மற்றொருவர் அதே பத்தியை மாற்றிச் சேமித்துவிட்டால் தொகுப்பு முரண்பாட்டுப் பக்கம் திறக்கும். அந்தப் பக்கத்தை மூடிவிடாதீர்கள். உங்கள் உரை அங்கேயே இருக்கும். அதைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, புதிய பதிப்பில் உரிய இடத்தில் சேருங்கள். முழுப் பக்கத்தையும் உங்கள் பழைய படியால் மூடினால் மற்றவரின் திருத்தம் அழிந்துபோகும், அடுத்த நிமிடமே நீங்களும் மீளமைக்கப்படுவீர்கள்.

அறிகுறி: பக்கத்தின் உருவம் குலைந்துவிட்டது

ஒரு பத்தி மட்டும் தட்டச்சுப்பொறி எழுத்தில், கட்டத்துக்குள், வலப்புறம் மடங்காமல் நீண்டு ஓடினால், அந்தப் பத்தியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. சொற்செயலியில் எழுதி ஒட்டுவோருக்கு அடிக்கடி நேர்வது இது. பள்ளியில் கற்ற பழக்கப்படி பத்தியை உள்தள்ளித் தொடங்குவதே காரணம். அந்த இடைவெளியை அழித்தால் போதும்.

தகவற்பெட்டி (முக்கியத் தகவல்களைச் சுருக்கிக் காட்டும் கட்டம்) வரவேண்டிய இடத்தில் அதன் மூல வரிகள் அப்படியே கொட்டிக் கிடந்தால், வார்ப்புருவை (பல பக்கங்களில் பயன்படும் ஆயத்த அச்சை) மூடும் }} எங்கோ விடுபட்டிருக்கிறது. பெட்டிக்குள் இன்னொரு வார்ப்புரு இருந்து அதை மட்டும் மூடிவிட்டு வெளியிலுள்ளதை மறந்திருப்பீர்கள். திறப்புகளையும் மூடல்களையும் எண்ணிப் பாருங்கள், இரண்டும் சமமாக இருக்க வேண்டும்.

நடுவே இரண்டு வாக்கியங்கள் காணாமற்போய், அந்த இடத்தில் சிவப்புப் பிழைச் செய்தி ஒன்று நின்றால், மேற்கோளைச் சுற்றி இடும் <ref> என்ற குறிச்சொல் ஒன்று மூடப்படவில்லை. மூடாத குறிச்சொல், அடுத்த மேற்கோளின் மூடல் வரையிலான அத்தனை உரையையும் விழுங்கிக்கொள்ளும். அடுத்து மேற்கோளே இல்லாவிட்டால் குறிச்சொல் வெறும் எழுத்தாகப் பக்கத்தில் தெரியும். காணாமற்போன வாக்கியத்துக்குச் சற்று முன்னே தேடினால் இடம் அகப்படும். இந்தப் பிழைகள் அனைத்தையும் சேமிப்பதற்குமுன் முன்தோற்றத்திலேயே காணலாம். நீண்ட மாற்றங்களை உங்கள் மணல்தொட்டியில் (எழுதிப் பழகுவதற்கான உங்கள் தனிப் பக்கத்தில்) செய்து பார்த்துவிட்டுக் கட்டுரைக்குக் கொண்டுவருவது எல்லோருக்கும் நிம்மதி.

அறிகுறி: கட்டுரை இருக்கிறது, ஆனால் இணைப்பு சிவப்பாகவே நிற்கிறது

ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு அதிகம் நேராத, தமிழில் நாள்தோறும் நேரும் சிக்கல் இது. நம் பெயர்ச்சொற்கள் வேற்றுமை ஏற்கும்போது உருமாறிவிடுகின்றன. [[தமிழ்நாட்டில்]] என்று நீங்கள் இணைப்பு இட்டால் 'தமிழ்நாட்டில்' என்ற தலைப்பில் ஒரு பக்கத்தை மென்பொருள் தேடும், இல்லாததால் சிவக்கும். [[தமிழ்நாடு|தமிழ்நாட்டில்]] என்று எழுதினால், நேர்க்கோட்டுக்கு முன்னுள்ளது சேரும் இடமாகவும் பின்னுள்ளது வாசகர் காணும் சொல்லாகவும் அமையும். தலைப்புச் சொல் உருமாறாத இடங்களில் இந்தச் சிரமம் வேண்டாம்: [[மதுரை]]யில் என்று எழுதினால், ஒட்டியுள்ள தமிழெழுத்துகளையும் இணைப்போடு சேர்த்து 'மதுரையில்' என்றே நீல நிறத்தில் காட்டும்படி தமிழுக்கென மென்பொருள் அமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் புள்ளியில் முடியும் பெயர்களுக்கு இந்தக் குறுக்குவழி உதவாது. [[தஞ்சாவூர்]]இல் என்று இட்டால் இணைப்பு வேலை செய்யும், தமிழ் கெட்டுவிடும். அங்கே [[தஞ்சாவூர்|தஞ்சாவூரில்]] என்பதே முறை.

உருபு ஏதும் இல்லாமல், தலைப்பை எழுத்துக்கு எழுத்து சரியாக எழுதியும் இணைப்பு சிவந்தால், கண்ணுக்குத் தெரியாத எழுத்து வேறுபாட்டைத் தேட வேண்டும். முதற் குற்றவாளி ஔகாரம். 'ஔவையார்' என்பதில் முதலெழுத்து ஒற்றை உயிர். பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவையார்' என்று எழுதுகிறார்கள்; பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன, கணினிக்கோ இவை வேறு வேறு சொற்கள். 'கௌதமர்', 'கெளதமர்' என்பதிலும் அதே கதை. ஐயம் வந்தால் அந்த எழுத்துக்குப் பின் சுட்டியை வைத்துப் பின்னழிப்பு விசையை ஒரு முறை அழுத்துங்கள். 'ஔ' முழுதாக மறைந்தால் சரியான எழுத்து. ளகரம் மட்டும் மறைந்து 'ஒ' எஞ்சினால் பிழையானது. கொகரம், கோகாரம் போன்றவற்றில் கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டியிருந்தாலும் விக்கி மென்பொருள் தானே ஒன்றாக்கிவிடும். ஔகாரப் போலியை அது திருத்தாது, ஏனென்றால் ளகரம் ஒரு முழு எழுத்து.

அடுத்த சந்தேகத்துக்குரியது 'ஸ்ரீ'. இதை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம், 'ஶ' என்ற எழுத்தைக் கொண்டும் எழுதலாம். திரையில் ஒரே உருவம்தான், விசைப்பலகை எதை இடுகிறது என்பதைப் பொறுத்து மாறும். தமிழ் எண் ௭ எகர உயிரின் இடத்திலும், ௧ ககரத்தின் இடத்திலும் வந்து உட்கார்ந்திருப்பதையும் காணலாம். இவற்றில் எதுவாயினும் பிழையான வடிவத்தில் இருக்கும் தலைப்பை நகர்த்தித் திருத்துங்கள். 'ஸ்ரீ' போன்று இரு வடிவமும் புழக்கத்தில் உள்ளவற்றுக்கு மட்டும் வழிமாற்று (ஒரு தலைப்பைத் திறப்பவரை மற்றொரு பக்கத்துக்குக் கொண்டுசேர்க்கும் பக்கம்) வைத்தால் தேடுவோருக்கு உதவும்.

ஒட்டிய உரை முழுவதும் பொருளற்ற உரோமன் எழுத்துகளாகத் தெரிந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சானது. எழுத்துரு மாற்றியில் இட்டு ஒருங்குறியாக்கிவிட்டு, வரி வரியாக மெய்ப்புப் பாருங்கள். மாற்றிகள் கொம்புகளை இடம் மாற்றிப் போடுவது வழக்கம்.

அறிகுறி: "இப்பொருளில் ஏற்கெனவே கட்டுரை உள்ளது" என்று உங்கள் பக்கம் வழிமாற்றாகிவிட்டது

'சி.என்.அண்ணாதுரை' என்று தேடிப் பார்த்து, இல்லையென்று முடிவுசெய்து, புதிதாக எழுதத் தொடங்குபவர் 'கா. ந. அண்ணாதுரை' என்ற பக்கத்தைத் தவறவிடுகிறார். தமிழ் விக்கிப்பீடியா பெயர்களுக்குத் தமிழ் முதலெழுத்துகளையும், ஒவ்வொன்றின் பின்னும் புள்ளியையும் இடைவெளியையும் பின்பற்றுகிறது. இலங்கை வழக்கும் தமிழக வழக்கும் வேறுபடும் இடங்களிலும் இதே தவறு நேரும்: கிரிக்கெட் பற்றிய கட்டுரை 'துடுப்பாட்டம்' என்ற தலைப்பில் இருக்கிறது. ஒரு நாட்டு வழக்கை மற்ற நாட்டு வழக்காக மாற்றிக்கொண்டே போவது பயனற்ற வேலை. இரண்டு வழக்குக்கும் வழிமாற்று இருந்தால் வாசகர் இரண்டு வழியிலும் வந்து சேர்வார். எழுதத் தொடங்குமுன் ஆங்கில விக்கிப்பீடியாவில் அப்பொருளின் பக்கத்தைத் திறந்து, பிற மொழிகளின் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பார்ப்பது நம்பகமான சோதனை.

தலைப்பு பிடிக்கவில்லையென்றால் உரையை வெட்டிப் புதிய பக்கத்தில் ஒட்டாதீர்கள். அப்படிச் செய்தால் முன்பு எழுதியவர்களின் பெயர்கள் பழைய வரலாற்றிலேயே தங்கிவிடும், உரிமத்துக்கும் அது முரண். 'நகர்த்து' என்ற வசதி வரலாற்றையும் சேர்த்தே கொண்டுசெல்லும்.

அறிகுறி: நீங்கள் எழுதிய வாக்கியத்தின் பின்னால் "சான்று தேவை" என்று ஒட்டப்பட்டிருக்கிறது

உங்கள் வாக்கியம் பொய் என்று இதற்குப் பொருளில்லை. இதை யார், எந்த நூலில் அல்லது இதழில் சொன்னார் என்று வாசகர் கேட்டால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்பதே இதன் பொருள். உள்ளடக்கம் பற்றிய சச்சரவுகளில் மிகப் பெரும்பாலானவை கொள்கை மோதல்போலத் தோன்றினாலும், அவிழ்த்துப் பார்த்தால் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து முட்டுகின்றன. ஆகவே இதற்குச் சற்று இடம் ஒதுக்குகிறேன்.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எடுத்துக்கொள்வோம். முதலாம் இராசராசன் கட்டிய இக்கோயில் 1010-ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது என்பதற்கு வரலாற்று நூல்கள் உண்டு. கூடவே, அதன் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற செய்தியும் ஊரெங்கும் உலவுகிறது. அதைப் புதியவர் ஒருவர் கட்டுரையில் சேர்க்கிறார். சுற்றுலா வலைத்தளங்கள் பலவற்றை மேற்கோளாகக் காட்டுகிறார். மற்றொருவர் வந்து, "நான் தஞ்சாவூர்க்காரன், நிழல் விழுவதை நேரில் பார்த்திருக்கிறேன்" என்று எழுதி அதை மறுக்கிறார். நிழல் விழத்தான் செய்கிறது. வெயில் நாளில் முற்றத்தில் நின்றால் எவரும் காணலாம். ஆனால் இருவரின் தொகுப்பும் நிற்காது. முதலாமவரின் தளங்கள் ஒன்றையொன்று படியெடுத்தவை, எதற்கும் ஆசிரியர் பெயரோ ஆதாரமோ கிடையாது. இரண்டாமவர் கூறுவது உண்மையாக இருந்தாலும், அது அவருடைய சொந்த அவதானம். கலைக்களஞ்சியத்தில் அதற்கு இடமில்லை. இங்கே சரியான வழி எளிது. நம்பத்தக்க சான்றில்லாத கூற்றை நீக்கலாம், நீக்குவதற்கு எதிர்ச்சான்று தேவையில்லை. நம்பத்தக்க நூல் ஒன்று அதை மக்களிடையே வழங்கும் கதை என்று குறிப்பிட்டிருந்தால், கதையென்றே குறித்து அந்த நூலைக் காட்டலாம்.

இன்னொரு பொறி உண்டு. நாளேட்டில் வந்த செய்திதான் சான்று என்று ஒருவர் காட்டுவார். அந்தச் செய்தியாளரோ விக்கிப்பீடியாவிலிருந்தே அந்த வரியை எடுத்திருப்பார். இதைக் கண்டறிய, கட்டுரையின் வரலாற்றில் அந்த வாக்கியம் முதன்முதலில் எந்த நாளில் நுழைந்தது என்று பாருங்கள். செய்தி அதற்குப் பிந்தியதாகவும், சொற்கள் அப்படியே ஒத்தும் இருந்தால், பாம்பு தன் வாலை விழுங்குகிறது. அந்தச் சான்றை ஏற்கக்கூடாது.

நல்ல சான்றுக்கு எங்கே போவது? தமிழ்நாடு பற்றிய பொருள்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், இலங்கைத் தமிழர் தொடர்பானவற்றுக்கு 2005 முதல் இயங்கிவரும் நூலகம் திட்டமும் பெருங்கருவூலங்கள். ஊர்களின் மக்கள்தொகைக்கு 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அறிக்கை இருக்கிறது. கல்வெட்டுகளுக்கு 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகள் உண்டு. தஞ்சைக் கோயிலின் கல்வெட்டுகள் அவற்றில் இரண்டாம் தொகுதியில் உள்ளன. ஆயினும் கல்வெட்டு ஒரு முதன்மைச் சான்று என்பதை மறக்கலாகாது. அதில் வரும் ஒரு சொல்லுக்கு நீங்களே பொருள் கூறி, அதைக்கொண்டு ஓர் அரசனின் குலத்தை முடிவுசெய்தால் அது சொந்த ஆய்வு. ஆய்வாளர் ஒருவர் அப்படிப் பொருள் கொண்டு நூலில் எழுதியிருந்தால் அவர் பெயரைச் சொல்லி எழுதலாம்.

மேற்கோளில் இணைய முகவரியை மட்டும் இட்டுச் செல்வதும் அரைகுறை வேலையே. நாளிதழ்களின் முகவரிகள் சில ஆண்டுகளில் செத்துப்போகின்றன. ஆசிரியர், தலைப்பு, வெளியீடு, நாள், நூலானால் பக்க எண் ஆகியவை இருந்தால், முகவரி இறந்தபின்னும் சான்று உயிரோடிருக்கும். "பார்க்க: பல நூல்கள்" என்ற வகை மேற்கோளை நான் தயங்காமல் நீக்கிவிடுவேன்.

அறிகுறி: உங்கள் பத்தி மீண்டும் மீண்டும் மீளமைக்கப்படுகிறது

மீளமைத்ததை மீளமைத்து, அதையும் மீளமைத்து விளையாடுவது தொகுப்புப் போர். அதில் சரியான பக்கத்தில் நிற்பவரும் தடை பெறக்கூடும். இரண்டாம் முறையோடு நிறுத்திக்கொண்டு பேச்சுப் பக்கத்துக்குச் செல்லுங்கள். செல்லுமுன் உங்கள் பத்தியை நீங்களே ஒருமுறை அயலார் கண்ணோடு படித்துப் பாருங்கள்.

சொந்த ஊர் பற்றிய கட்டுரைகளில் இதுபோன்ற தொடக்கம் மிகுதி: "இயற்கை அன்னையின் எழில் கொஞ்சும் மடியில், வீரமும் ஈரமும் நிறைந்த மக்கள் வாழும் புகழ்பெற்ற சிற்றூர்." இதில் ஒரு தகவலும் இல்லை. எந்த மாவட்டம், எந்த வட்டம், எந்த ஆற்றின் கரை, எவ்வளவு மக்கள், முதன்மையான பயிர் எது என்று எழுதினால் ஊர்ப் பெயரை மாற்றினால் பொருந்தாத கட்டுரை ஒன்று கிடைக்கும். மேலே கண்ட வாக்கியமோ எந்த ஊருக்கும் பொருந்தும். ஆளைப் பற்றி எழுதும்போது 'பேரறிஞர்', 'டாக்டர்', 'ஐயா' போன்ற அடைமொழிகளை விடுங்கள். 'பிறந்தார்', 'எழுதினார்' என்ற வினைமுற்றிலேயே தமிழில் மரியாதை இருக்கிறது. 'இறைவனடி சேர்ந்தார்', 'வீரமரணம் எய்தினார்' ஆகியவை எழுதுபவரின் நிலைப்பாட்டைக் காட்டிவிடுகின்றன; 'இறந்தார்', 'காலமானார்', போரில் 'கொல்லப்பட்டார்' போதும்.

சாதி பற்றிய கட்டுரைகளே தமிழில் அதிகம் கொந்தளிப்பவை. அங்கே புகழ்மொழியைச் சேர்ப்பவரும் இழிமொழியைச் சேர்ப்பவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: சாதிச் சங்க வெளியீட்டையோ எதிர்த்தரப்புத் துண்டறிக்கையையோ வரலாற்று நூலின் இடத்தில் வைக்கிறார்கள். நடுநிலை என்பது இரு தரப்புக்கும் பாதிப் பாதி இடம் தருவதாகாது. ஆய்வுலகில் ஒரு கருத்துக்கு எவ்வளவு எடை இருக்கிறதோ அவ்வளவு இடம். "இது எங்கள் வரலாறு" என்று பேச்சுப் பக்கத்தில் வாதிடுவதைவிட, நூற்பெயரும் பக்க எண்ணும் தந்து இரண்டு வரி எழுதுவது விரைவாக முடிவு தரும். முடிவில் நான்கு அலைக்குறிகளை (~~~~) இடுங்கள். உங்கள் கையொப்பமும் நேரமும் தானே பதியும்.

அறிகுறி: "பதிப்புரிமை மீறல்" என்று பக்கமே நீக்கப்பட்டுவிட்டது

விக்கிப்பீடியாவின் உரை, ஆக்கியோரைக் குறிப்பிட்டு அதே உரிமத்தில் எவரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகிறது. நீங்கள் ஒட்டிய நாளிதழ்க் கட்டுரையை அந்த உரிமத்தில் வெளியிட உங்களுக்கு உரிமையில்லை. ஆகவேதான் விவாதத்துக்குக் காத்திராமல் நீக்குகிறார்கள். சொற்களை அங்கங்கே மாற்றுவதும் தீர்வாகாது. மூலத்தை மூடிவைத்துவிட்டு, தகவலை மட்டும் மனத்தில் கொண்டு, உங்கள் வாக்கியங்களில் எழுதுங்கள்.

இந்தியாவில் நூலாசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. இலங்கையில் 70 ஆண்டுகள். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இதற்கு விலக்கு, அவை பெருமளவில் விக்கிப்பீடியாவின் உடன்பிறப்புத் திட்டமான விக்கிமூலம் என்ற மின்னூலகத்தில் கிடைக்கின்றன. ஆனாலும் அவற்றிலிருந்து ஓர் இயலை அப்படியே தூக்கி ஒட்டினால் கட்டுரை ஆகாது. உரிமை இருந்தும் நடை கலைக்களஞ்சியத்துக்குப் பொருந்தாமல் திருத்தப்படும். உங்கள் சொந்த வலைப்பதிவிலிருந்தே எடுத்திருந்தால், அது உங்களுடையதுதான் என்பதைத் திரைக்கு அப்பாலிருப்பவர் அறிய வழியில்லை. அந்த வலைப்பதிவிலேயே விக்கிப்பீடியாவுக்கு ஏற்ற உரிமத்தை அறிவித்துவிடுங்கள்.

ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து மொழிபெயர்ப்பதில் தடையில்லை. எந்தக் கட்டுரையிலிருந்து மொழிபெயர்த்தீர்கள் என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில் குறிப்பிடுவது மட்டும் கடமை.

அறிகுறி: "இயந்திர மொழிபெயர்ப்பு" என்ற வார்ப்புரு தலையில் ஏறியிருக்கிறது

2010-ஆம் ஆண்டுவாக்கில் கூகுளின் மொழிபெயர்ப்புத் திட்டத்தின் வழியே தமிழ் விக்கிப்பீடியாவில் பல கட்டுரைகள் வந்து சேர்ந்தன. அவற்றைத் திருத்தும் வேலை பின்னாளில் தன்னார்வலர்கள் தலையில் விழுந்தது. இன்றைய கருவிகள் அன்றைவிட மிகவும் தேறியவை. இருந்தும் அவற்றின் தமிழை உடனே அடையாளம் காணலாம். ஒரு காட்டு:

"பாம்பன் பாலம் என்பது மண்டபம் நகரத்தை இராமேசுவரத்துடன் இணைக்கும் ஒரு இரயில் பாலம் ஆகும். 24 பிப்ரவரி 1914 அன்று திறக்கப்பட்டது, இது இந்தியாவின் முதல் கடல் பாலம் ஆகும், மற்றும் இது தற்போது பயன்பாட்டில் உள்ளது."

'என்பது', 'ஒரு', 'ஆகும்', 'மற்றும் இது' ஆகியவற்றை எடுத்துவிட்டாலே பாதித் தமிழ் திரும்பிவிடும். "மண்டபத்துக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கடல்மீது கட்டப்பட்ட பாம்பன் தொடருந்துப் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. இந்தியாவில் கடலின்மீது கட்டப்பட்ட முதல் பாலம் இதுவே." இனி அந்தத் 'தற்போது'. பழைய பாலத்தில் 2022-ஆம் ஆண்டின் இறுதியில் தொடருந்துகள் நின்றன. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. ஆங்கிலப் பக்கத்தில் அதைத் திருத்திவிட்டார்கள் என்றாலும் மொழிபெயர்ப்பு திருத்தம் பெறாமல் நிற்கும். 'தற்போது', 'சமீபத்தில்', 'இந்த ஆண்டு' என்ற சொற்கள் வரும் இடத்திலெல்லாம் ஆண்டைக் குறிப்பிட்டு எழுதினால் வாக்கியம் கெட்டுப்போகாது.

செயப்பாட்டுவினையையும் கவனியுங்கள். "அவரால் நூல் எழுதப்பட்டது" என்று எழுத வேண்டிய தேவை தமிழில் அரிதாகவே வரும். மொழிபெயர்த்ததை உரக்கப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடைக்க வேண்டும். பத்து பத்திகளை அரைகுறையாகப் பெயர்ப்பதைவிட, முன்னுரையையும் முதன்மையான இரண்டு பகுதிகளையும் மட்டும் செம்மையாக எழுதி விடுவதே மேல். குறைந்தது நான் அப்படித்தான் மதிப்பிடுவேன்.

அறிகுறி: படம் மறைந்துவிட்டது, அல்லது பிற மொழி இணைப்புகள் தெரியவில்லை

தேடுபொறியிலோ சமூக ஊடகத்திலோ எடுத்த படம் பொதுவகத்தில் (விக்கித் திட்டங்களுக்கான பொதுப் படக் களஞ்சியத்தில்) நிலைக்காது. நீங்களே எடுத்த ஒளிப்படத்தை, முழு அளவில், படக்கருவி பதித்த தகவலோடு பதிவேற்றினால் கேள்வி எழ வாய்ப்புக் குறைவு. சுவரொட்டியை நீங்கள் படம் பிடித்தாலும் சுவரொட்டியின் உரிமை அதை வரைந்தவருக்கே.

பிற மொழி இணைப்புகள் 2013 முதல் விக்கித்தரவு என்ற பொதுத் தரவுத்தளத்தில் பேணப்படுகின்றன. உங்கள் கட்டுரையை அங்குள்ள உரிய உருப்படியோடு இணைத்தால் அவை தோன்றும்.

அறிகுறி: "குறிப்பிடத்தக்கமை இல்லை" என்று நீக்கலுக்கு முன்மொழியப்பட்டிருக்கிறது

இதில் மனம் புண்படுவோர் அதிகம், குறிப்பாகத் தன் ஆசிரியரையோ தந்தையையோ பற்றி எழுதியவர்கள். அந்த மனிதரின் பெருமை இங்கே அளக்கப்படுவதில்லை. அவரோடு தொடர்பில்லாத நம்பகமான ஊடகங்களோ நூல்களோ அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றனவா என்பது மட்டுமே கேள்வி. நூல் வெளியீட்டு விழா அழைப்பிதழும், பட்டியலில் ஒரு வரியாக வரும் பெயரும் விரிவான குறிப்பு ஆகா. விருது அறிவிப்பு, நூல் மதிப்புரை, நேர்காணலைத் தாண்டிய கட்டுரை ஆகியவை இருந்தால் நீக்கல் உரையாடலில் அவற்றை வரிசையாக இடுங்கள். உங்களைப் பற்றி நீங்களே எழுதியிருந்தால், அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. பின்னர் கண்டுபிடிக்கப்படும்போது சான்றுகளையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள்.

பக்கம் நீக்கப்பட்டுவிட்டாலும் உங்கள் உழைப்பு மீளாமல் போவதில்லை. பதிப்புரிமைச் சிக்கல் இல்லாத நிலையில், நீக்கிய நிருவாகியின் (பக்கங்களை நீக்கவும் மீட்கவும் உரிமை உள்ள பயனரின்) பேச்சுப் பக்கத்திலோ ஒத்தாசைப் பக்கத்திலோ கேட்டால் உரையை உங்கள் பயனர் வெளிக்கு (உங்கள் பெயரின்கீழ் உள்ள பக்கங்களுக்கு) மீட்டுத் தருவார்கள். கேட்கும்போது "என் கட்டுரையை ஏன் அழித்தீர்கள்?" என்று தொடங்காமல், கட்டுரையின் முழுத் தலைப்பு, நீக்கப்பட்ட நாள், பின்னர் கிடைத்த சான்றுகள் ஆகியவற்றை எழுதுங்கள். விடை வர ஓரிரு நாள் ஆகலாம். பதில் சொல்பவர்களும் உங்களைப் போலவே வேலை முடிந்து இரவில் வந்து தொகுப்பவர்கள். மீட்ட உரையில் சான்றுகளைச் சேர்த்து முடித்தபின், அதை நேரே கட்டுரை வெளிக்கு நகர்த்திவிடாமல், நீக்கிய நிருவாகியிடமே ஒருமுறை காட்டுங்கள்.